ஊர்ப் பெயரின் வால்

துணைத் தூதரகத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டீர்களா? சொல்லியிருந்தால் இனி எந்தக் கலியாண வீட்டிலும் நீங்கள் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. ரொறன்ரோவின் மல்வேர்னில் இருபத்திரண்டு வருடம் எனக்கு அதுதான் நடந்தது. தட்டில் சோறு விழுவதற்குள் யாராவது பக்கத்துக் கதிரைக்கு வந்து, "அக்கா, உங்கட ஒபிசில ஒரு சொல்லுச் சொன்னா விசா தருவினமாம், மெய்யே?" என்று கேட்பார். அந்த நாட்டுக்கு ஏன் போகவேண்டும் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

விசா கொடுப்பவர்கள் அங்கிருந்து வருகிற அதிகாரிகள். நாங்கள் உள்ளூர்ப் பணியாளர்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து படிவத்தை வாங்கி, பார்த்து, முத்திரை குத்தி, உள்ளே அனுப்புகிறவர்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பார்கள். நாங்கள் பூசாரிகூட இல்லை, மணி அடிக்கிறவர்கள் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அது பிழை என்பது எனக்கு விளங்குவதற்கு ஒரு மனிதர் இறக்க வேண்டியிருந்தது. படிவம் நிரப்புவதை உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். நான் அந்த மனிதரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நாட்டின் பெயரை எழுதமாட்டேன். வேலையில் சேர்ந்த அன்று இரகசியம் காப்பதாகக் கையெழுத்து வைத்தேன். எனக்கு ஓய்வு தந்தார்கள், அந்தக் கையெழுத்துக்குத் தரவில்லை. இவ்வளவு தெரிந்தால் போதும்: நடுவில் ஓர் ஆறு, இரண்டு கரையிலும் இரண்டு நாடுகள், ஆற்றின் மேல் ஒரு பாலம். ஒரு நாடு ஒரு கூட்டணியில் இருந்தது, மற்றது அதற்கு எதிரான கூட்டணியில். இந்தக் கரை நாட்டுக்கு நான் வேலை செய்தேன். 'எங்கள் நாடு' என்று எழுதினால் அதைத்தான் சொல்கிறேன். அது என்னுடைய நாடு இல்லை, எனக்குச் சம்பளம் தந்த நாடு.

வேடிக்கை என்னவென்றால், யங் வீதியில் ஒரே கட்டிடத்தில், ஒரே மாடியில், இரண்டு நாடுகளின் அலுவலகங்களும் இருந்தன. நல்ல காலத்தில் யாரோ பார்த்து எடுத்த இடம். லிஃப்ட்டால் இறங்கினால் வலது பக்கம் நாங்கள், இடது பக்கம் அவர்கள். நடுவில், காலால் இருபது எட்டு வைத்துக் கடக்கிற நீளத்தில் ஒரு நடைபாதை. அதன் கோடியில் இரண்டு அலுவலகத்துக்கும் பொதுவாக ஒரு சின்னச் சமையலறையும் ஒரு மைக்ரோவேவும். அவர்களுடைய கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரும் தமிழர். முருகேசன், கும்பகோணத்துக்காரர், பக்கத்து நகரான மார்க்கத்தில் வீடு. என்னைவிடப் பத்து வயது இளையவர். இரண்டு நாடுகளும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருக்க, அவற்றின் காகிதங்களை இரண்டு தமிழர்கள் கைமாற்றிக்கொண்டிருந்தோம்.

முதல் கிழமையே என்னுடைய தமிழைக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க பேசுறது பாதி புரியல. ஆனா கேக்க நல்லா இருக்கு" என்றார்.

"எனக்கு நீர் கதைக்கிறது முழுக்க விளங்குது. கேக்கத்தான் ஏலாமல் கிடக்கு" என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் சிநேகிதர்.

இப்போது ஊர்ப் பெயருக்கு வருகிறேன். பாலத்தின் அந்தக் கரையில் ஒரு சிறு பட்டணம். அதற்கு இரண்டு பெயர். முன்பாதி இரண்டிலும் ஒன்றுதான். வால் மட்டும் வேறு. கடைசி மூன்று எழுத்து எங்கள் நாட்டு மொழியில் ஒரு மாதிரி முடியும், அவர்கள் மொழியில் வேறு மாதிரி முடியும். அந்த மூன்று எழுத்துக்காக இரண்டு நாடாளுமன்றங்களிலும் அடிபட்டிருக்கிறார்கள். எங்கள் படிவத்தில் எங்கள் வாலோடுதான் அச்சாகி வரும். அந்த வாலைக் கண்டால் அவர்கள் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்களுடைய வாலைக் கண்டால் நாங்களும் அப்படியே. அந்தப் பட்டணத்தில் பிறந்தவர்கள் ரொறன்ரோவில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு காகிதத்துக்காக மாதக்கணக்கில் அந்த இருபது எட்டையும் நடந்துகொண்டே இருந்தார்கள்.

ஒரு நாள் என் கை சறுக்கியது. முத்திரை அதற்குரிய பெட்டிக்குள் விழாமல் மேலே போய், ஊர்ப் பெயரின் வாலில் விழுந்துவிட்டது. கறுத்த மை, தடித்த விளிம்பு. கடைசி மூன்று எழுத்தும் தெரியவில்லை. புதுப் படிவம் எடுக்கச் சோம்பல்பட்டு அப்படியே கொடுத்துவிட்டேன். மத்தியானத்துக்குள் அது பக்கத்து அலுவலகத்தில் ஏற்கப்பட்டு வெளியே வந்தது. வால் தெரியாவிட்டால் அவரவர் வாலை அவரவர் வாசித்துக்கொள்ளலாம் அல்லவா.

சமையலறையில் முருகேசன் தயிர்ச்சோற்றுப் பெட்டியைத் திறந்தபடி என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இன்னைக்கு நல்லா குத்தியிருந்தீங்க அக்கா."

 அடுத்த படிவத்தில் மறுபடியும் கை சறுக்கியது. அதற்கடுத்த கிழமை அவர்களிடமிருந்து வந்த படிவத்திலும் அவருடைய கை சறுக்கியிருந்தது. பதினொரு வருடம் எங்கள் இரண்டு பேருக்கும் கை சறுக்கிக்கொண்டே இருந்தது. அதைப் பற்றி நாங்கள் ஒருமுறைகூட வாய் திறந்து பேசியதில்லை. எங்கள் அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கும். தெரியாத மாதிரி இருப்பதும் அவர்களுடைய வேலையில் ஒரு பகுதி. இந்தத் தொழிலின் பாதி எழுதி வைத்த விதியில் இல்லை பிள்ளைகளே, இப்படிச் சறுக்குகிற கைகளில்தான் இருக்கிறது.

லேனாவை நான் முதலில் கண்டது அந்த நல்ல காலத்தில். அந்தப் பட்டணத்துப் பெண். மோர்னிங்சைட்டில் இருந்தாள், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. தாயை இங்கே அழைத்துப் பார்க்க, அவர் பாலம் கடந்து எங்கள் நாட்டில் விமானம் ஏறுவதற்கு ஒரு கடிதம் கேட்டு வந்தாள். கை சறுக்கியது, தாய் வந்தார். ஒரு மாதம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். லேனா கண்ணாடி வழியாக எனக்கு ஒரு வாழ்த்து மட்டை நீட்டினாள். அதை நெடுங்காலம் மேசையில் வைத்திருந்தேன்.

யுத்தம் வரப்போகிறது என்று எனக்குச் செய்தித்தாள் சொல்லவில்லை. ஒரு வாக்கியம் சொன்னது. இரண்டு தூதரகங்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதினால் முடிவில் ஒரு மரியாதை வாக்கியம் இருக்கும். 'தங்கள்மீது நாம் கொண்டுள்ள மிக உயர்ந்த மதிப்பை இத்தருணத்தில் மீண்டும் உறுதிப்படுத்துகிறோம்.' கழிவறைத் திறப்பு தொலைந்ததைப் பற்றிய கடிதமாக இருந்தாலும் அந்த வாக்கியம் இருக்கும். யாரும் வாசிப்பதில்லை. இல்லாமல் போனால்தான் வாசிப்பார்கள்.

அந்த மார்கழியில் எங்கள் நாடு தன் கூட்டணியோடு சேர்ந்து ஆற்றங்கரையில் படைப்பயிற்சி நடத்தியது. அவர்கள் கூட்டணி அந்தக் கரையில் நடத்தியது. எங்கள் துணைத் தூதர் ஒரு கடிதத்தை எழுதித் தந்து தட்டச்சுச் செய்யச் சொன்னார். நல்ல மனிதர், வயிற்றுப்புண்காரர், எதற்கும் குரல் உயர்த்தாதவர். அவர் எழுதித் தந்ததில் அந்த மரியாதை வாக்கியம் இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இருபது வருடப் பழக்கத்தில் என் விரல்கள் தாமாகவே அதைச் சேர்த்துவிட்டன. அவரும் அவசரத்தில் கையெழுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இன்றைக்கும் நம்ப முடியாமல்தான் நினைத்துக்கொள்கிறேன். மூன்று நாள் வானம் வெளித்தது. பக்கத்து அலுவலகம் அந்த ஒரு வாக்கியத்தைத் தங்கள் தலைநகருக்கு எழுதியது. இவர்கள் இன்னும் பேசத் தயாராக இருக்கிறார்கள் என்று அங்கே நினைத்தார்களாம். நடைபாதையில் அவர்களுடைய அதிகாரி எங்கள் அதிகாரிக்குக் கை கொடுத்தார். முன்பு பண்டிகைக்கு அவர்கள் அனுப்பி, பிறகு நின்றுபோயிருந்த பலகாரத் தட்டு மறுபடி எங்கள் வாசலுக்கு வந்தது. முருகேசன் சமையலறையில், "என்னக்கா, ஒங்க ஆளுங்க எறங்கி வந்துட்டாங்க போல?" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது என் விரல் செய்த வேலை என்று எனக்கு அப்போது தெரியாது.

நாலாம் நாள் எங்கள் தலைநகரிலிருந்து தொலைபேசி வந்தது. அந்த வாக்கியத்தை நீக்கச் சொன்னதே அவர்கள்தானாம். திருத்திய கடிதம் போனது. தட்டுத் திரும்பிப் போனது. துணைத் தூதர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, எழுத்தில் ஓர் எச்சரிக்கை தந்தார். "உங்களை எனக்குத் தெரியும். ஆனால் இனி ஓர் எழுத்துக் கூடினாலும் குறைந்தாலும் என்னால் உங்களைக் காப்பாற்ற முடியாது" என்றார்.  பக்கத்து அலுவலகத்து ஆட்களோடு சமையலறையில் சாப்பிடக் கூடாது என்றும் அன்றே உத்தரவு வந்தது. ஓய்வுக்கு எனக்கு இரண்டு வருடம் இருந்தது.

சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்கள். நான் அந்தப் பூனை. ஒவ்வொரு காகிதத்தையும் மூன்று தரம் பார்த்தேன். மழை நாளில் பஸ் தரிப்பிடத்தில் என்னைக் கண்டு காரை நிறுத்திய முருகேசனுக்குக் கையால் போகச் சொல்லிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

லேனா மறுபடி வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. தாய் இறந்துவிட்டார், தகப்பன் அந்தப் பட்டணத்தில் தனியாக இருக்கிறார், இதயத்துக்கு மருந்து எடுக்கிறவர் என்றாள். பாலம் இன்னும் காலையில் இரண்டு மணித்தியாலம் திறக்கிறது. அவர் பாலத்தைக் கடந்து இந்தக் கரைக்கு வந்துவிட்டால், எங்கள் நாட்டில் இருக்கிற லேனாவின் தமக்கை கூட்டிக்கொண்டு போவாள். அதற்கு எங்கள் அலுவலகத்தின் உறவு உறுதிப்பத்திரம் வேண்டும், அதைப் பக்கத்து அலுவலகம் ஏற்க வேண்டும். அவ்வளவுதான்.

"இன்றைக்கு முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வேலைச் சீருடையோடு வந்திருந்தாள்.

"முடியும்" என்றேன். உண்மையாகவே முடியும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

படிவம் அச்சாகி வந்தது. எங்கள் வாலோடு ஊர்ப் பெயர். கீழே வலது பக்கத்தில் 'முத்திரை இங்கே' என்று ஒரு பெட்டி. முத்திரையை எடுத்தேன். என் கை தானாக மேலே போனது. பதினொரு வருடப் பழக்கம் அல்லவா. அப்போது அந்த எச்சரிக்கைக் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. ஓர் எழுத்துக் கூடினாலும் குறைந்தாலும். நான் மூன்று எழுத்தைக் குறைக்கப் போகிறேன். கையைக் கீழே இறக்கி, பெட்டிக்குள், நாலு பக்கமும் இடைவெளி விட்டு, அச்சுப் போலக் குத்தினேன். என் வாழ்நாளில் குத்தியவற்றில் அதுதான் ஆகத் திறமான முத்திரை.

அந்த நேரம் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. துணைத் தூதர் வெளியே போயிருந்தார். யாராவது நின்றிருந்தால் அவர்மேல் பழியைப் போட்டிருப்பேன்.

லேனா இருபது எட்டு நடந்து பக்கத்து அலுவலகத்துக்குப் போனாள். ஐந்து நிமிடத்தில் முருகேசன் படிவத்தோடு நடைபாதைக்கு வந்து, என் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் லேனா. நாங்கள் தமிழில் என்ன பேசுகிறோம் என்று அவளுக்கு விளங்காது, ஆனால் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் மறுபடி குத்திக் குடுங்க."

"ஏன் தம்பி? பெட்டிக்குள்ளதானே குத்தினனான்."

"பெட்டிக்குள்ளதான் இருக்கு. அதான் பிரச்சினை. எங்க ஆபீசர் இன்னும் பாக்கல. பத்து நிமிஷத்துல வந்துருவார். உங்க படிவத்துல எங்க சீல் பின்பக்கம்தான், நான் ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க ஒரு தடவ மேல சாச்சு வச்சீங்கன்னா போதும்."

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அதை ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். சொன்னவுடன் எனக்குப் பயம் கூடிவிட்டது. சொல்லாத வரைக்கும் அது கை சறுக்கல். சொன்ன பிறகு அது குற்றம்.

"ஏலாது தம்பி. என்னைச் சிக்கலில மாட்டாதையும். சரியாத்தான் கிடக்கு."

"அக்கா, அவங்க அப்பா."

"தெரியும். திங்கக்கிழமை புதுசா ஒண்டு எடுத்துத் தாறன். எங்கட தூதர் துரையிட்டக் கேட்டுப்போட்டு முறையாச் செய்வம்."

முருகேசன் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பிப் போனார். பத்து நிமிடத்தில் அது 'ஏற்க இயலாது' என்ற சிவப்பு எழுத்தோடு லேனாவின் கையில் இருந்தது. புதுப் படிவத்துக்குத் தலைநகரிலிருந்து புது இலக்கம் வரவேண்டும், வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. திங்கட்கிழமை வரச் சொன்னேன். அவள் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை பாலத்தை மூடினார்கள். புதன்கிழமை யுத்தம் தொடங்கியது.

பிள்ளைகளே, எனக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவை இருந்ததில்லை. எங்கள் ஊரில் யுத்தம் நடந்தபோது, வெளியேற அனுமதி தருகிற பாஸ் எடுத்து, திறந்திருந்த ஒரு பாதையால் வெளியே வந்தவள் நான். என்னுடைய ஊரின் பெயரையும் பலகையில் இரண்டு விதமாகப் பார்த்தவள். என் பாஸில் ஒரு பிழை இருந்தது. சாவடியில் அதைப் பார்த்தவர் பார்க்காத மாதிரித் தலையைக் குனிந்ததால்தான் நான் இன்றைக்கு மல்வேர்னில் இருந்து இதை எழுதுகிறேன். அந்த முகம் தெரியாத மனிதரின் கடனை ஒரு காகிதத்தில் தீர்க்க எனக்கு ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. நான் பெட்டிக்குள் குத்தினேன்.

பக்கத்து அலுவலகத்தை அந்த மாதமே பூட்டினார்கள். கடைசி நாள் முருகேசன் லிஃப்ட்டுக்குள் ஒரு கார்ட்போர்ட் பெட்டியோடு நின்றார். மேலே அந்தத் தயிர்ச்சோற்றுப் பெட்டி இருந்தது. எனக்குக் கை காட்டினார். நானும் காட்டினேன்.

ஆறு மாதம் கழித்து மார்க்கத்தில் மரக்கறிக் கடையில் அவரைக் கண்டேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றார். பயந்துகொண்டுதான் பக்கத்தில் போனேன்.

"என்னில கோவமே?" என்று கேட்டேன்.

அவர் முருங்கைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோவம் எதுக்குக்கா. என் டேபிள்ல காபி இருந்துச்சு. அது மேல தெரியாம கொட்டுன மாதிரி கொட்டியிருக்கலாம். எனக்கு அது வீட்டுக்குப் போனப்புறந்தான் தோணுச்சு" என்றார். பிறகு, "காபி ஆறிப்போய் அங்கேயேதான் இருந்துச்சு" என்றார். முருங்கைக்காயைப் பையில் போட்டுக்கொண்டு காசு கட்டப் போனார். 

லேனா அந்த மாரிக் குளிரில் மறுபடியும் வந்தாள். தகப்பன் இறந்துவிட்டார் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும், தமக்கை அங்கே குடும்பப் பதிவேட்டில் எழுதுவதற்கு. அயல்வீட்டுக்காரர் ஒருவர் எப்படியோ தொலைபேசியில் தமக்கைக்குச் சொன்னாராம். மருந்து முடிந்துவிட்டதாம், வீட்டில் எரிக்க ஒன்றும் இருக்கவில்லையாம். கதிரையில் இருந்தபடியே உயிர் போயிருந்ததாம், மேல்கோட்டும் போட்டு, காலில் சப்பாத்தும் போட்டு. பாலம் திறந்தால் போவதற்கு.

நான் படிவத்தை அச்செடுத்தேன். 'இறந்த இடம்' என்பதற்குக் கீழே அந்த ஊர், எங்கள் வாலோடு.

அவள் தன் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று தாய்க்கு நான் கொடுத்த பழைய கடிதம். மற்றது தகப்பனுடைய, சிவப்பு எழுத்து விழுந்தது.

"அம்மாவுடையதில் முத்திரை ஊர்ப் பெயரின் மேலே இருக்கிறது. அப்பாவுடையதில் இல்லை. இரண்டும் உங்கள் கைதானே. ஏன்?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

விதி அப்படி என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. "பயந்துபோனேன்" என்றேன்.

அவள் தலையாட்டினாள்.  "எங்கள் ஊரில் யாரும் அந்தக் கடைசி எழுத்துகளைச் சொல்வதில்லை" என்றாள். "அப்பாவும் சொன்னதில்லை. அது அரசாங்கங்கள் சொல்வது. நாங்கள் முன்பாதியை மட்டும்தான் சொல்லுவோம். அம்மாவுடைய கடிதத்தைப் பார்த்தபோது, எங்கள் ஊரின் பெயரைச் சரியாக எழுதத் தெரிந்த ஒருவர் இந்த அலுவலகத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன்."

இருபத்திரண்டு வருடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அழுதது அன்றைக்கு மட்டும்தான். அழுததைப் பெருமையாகச் சொல்லவில்லை. அதனால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். விதியை மீறுங்கள் என்று சொல்லமாட்டேன், உங்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது. ஆனால் முத்திரையைத் தூக்குகிற நேரம் உங்களுக்கு நெஞ்சு இடித்தால், அந்தப் பயம் யாருக்காக என்று ஒருதரம் கேளுங்கள். எனக்கு அன்றைக்கு அது என் ஓய்வூதியத்துக்காக இருந்தது. நாடுகள் சண்டைக்குப் போகிறபோது அவை எங்களைக் கேட்பதில்லை. அதற்கு முந்தின வியாழக்கிழமை மட்டும் எங்கள் கையில் இருக்கும்.

"இதிலாவது அப்படியே குத்துங்கள்" என்றாள் லேனா.

முத்திரையை மையில் ஒற்றி, ஊர்ப் பெயரின் கடைசி மூன்று எழுத்துக்கு மேல் வைத்து அழுத்தினேன். வால் முழுதாக மறைந்து, அவருடைய ஊரின் பெயர் மிஞ்சியது. அவள் அதை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நடைபாதையில், பழக்கத்தில், இடது பக்கம் பூட்டிக் கிடந்த கதவை நோக்கி நாலு எட்டு வைத்தவள், நின்று, லிஃப்ட்டுக்குத் திரும்பினாள்.